கேட்காமல் பார்த்துக்கொண்டவள்

அவள் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். சாப்பிட்டாயா என்றுகூட என்னிடம் கேட்டதில்லை. என் மேசைக்குக் கீழே இருக்கும் குப்பைத்தொட்டியை ஒரு பார்வை பார்ப்பாள். அதில் பொட்டலத் தாள் கிடந்தால் நான் சாப்பிட்டாகிவிட்டது. கிடக்காவிட்டால், கீழே கடைக்கு இறங்கிப் போகிறவள் எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே, "வாயத் தொறந்து கேட்டா என்னவாம்?" என்றேன்.

"கேட்டா சாப்ட்டேன்னு சொல்லுவ மாலா. மரியாதைக்காவது சொல்லுவ. குப்பைத்தொட்டிக்கு மரியாத தெரியாது லா," என்றாள்.

அப்படித்தான் அவள். சொல்லாமலே என்னைப் புரிந்துகொள்கிற ஒருத்தி பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள் என்பதில் எனக்கு அப்போது எவ்வளவோ நிம்மதி. உடன்பிறந்த அக்காவிடம் சொல்லாததையெல்லாம் அவளிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

எங்கள் அலுவலகம் ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே ரஹீம் அண்ணனின் குடும்பத்தார் நடத்திய சாப்பாட்டுக்கடை. அந்தக் குடும்பத்தில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்க மறுத்த ஒரே பிள்ளை அவர். மாடியில் கம்ப்யூட்டர்களைப் போட்டுக்கொண்டு, தனியார் கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதி விற்றார். நோயாளி வந்தால் பெயர் பதிவது, மருந்து கொடுத்தால் குறித்துக்கொள்வது, வேலைக்கு லீவு எடுக்கச் சான்று அச்சடிப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. தொடங்கிய நாளிலிருந்தே நான் அவரோடு இருந்தேன். அந்த மென்பொருளின் அடியில் இருக்கும் தரவுத்தளம் முழுவதும் நான் கட்டியது. ஒவ்வொரு அட்டவணையையும் யோசித்து, பெயர் வைத்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்தவள் நான். அப்போது என் மகள் கைக்குழந்தை. அவளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே எழுதியவை சில.

கிளினிக்குகள் பெருகியதும் ஒரு கையால் சமாளிக்க முடியவில்லை. அப்போதுதான் அவள் வந்தாள். என் வயதுதான் அவளுக்கும். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். வந்த முதல் நாள் ரஹீம் அண்ணன் அவளிடம், "எல்லாம் மாலாவுக்குத் தெரியும். என்னா சந்தேகம்னாலும் கேட்டுக்க," என்றார். அவள் தலையை ஆட்டினாள். அன்று முழுக்க என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது என் மேசைக்கு வந்து, "நீ நல்லா கட்டியிருக்க," என்று மட்டும் சொன்னாள்.

எப்படித் தெரிந்தது என்றால், கட்டலாக்கைப் பார்த்துத்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்தத் தரவுத்தளத்துக்குள்ளும் தன்னைப் பற்றியே அது எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு. நோயாளியின் பெயர், காய்ச்சல், கொடுத்த மாத்திரை எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். எந்தெந்த அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றை யார் உருவாக்கினார்கள், யார் உரிமையாளர், எப்போது உருவானது, கடைசியாக எப்போது மாற்றினார்கள், எதை யார் பார்க்கலாம், எது எதை நம்பி நிற்கிறது, இதெல்லாம் அந்தப் பகுதியில் இருக்கும். அதைத்தான் கட்டலாக் என்போம். நாம் கைவைத்து அதில் எழுத முடியாது. நாம் ஒரு காரியம் செய்தால், செய்ததை அதுவே பதிந்துகொள்ளும். என்னைப் போன்றவர்கள் அவசரத்துக்கு அதை எட்டிப் பார்ப்போம். அவள் காலையில் வந்ததும் மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல அதைப் படிப்பாள்.

அவள் சேர்ந்த புதிதில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு கிளினிக்கிலிருந்து போன் வந்தது. முந்தின நாள் வந்த நோயாளிகளில் பாதிப் பேரைத் திரையில் காணவில்லை என்றார்கள். மருத்துவர் கத்திக்கொண்டிருந்தார். ரஹீம் அண்ணன் கிளினிக் பெண்ணைத் திட்டினார். நான் இணையத் தொடர்பைச் சந்தேகப்பட்டேன். ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணே, நோயாளிகளக் காட்டுற வியூவ நேத்து மத்தியானம் யாரோ மாத்தியிருக்காங்க. மாத்துற அனுமதி மாலாவுக்கும் உங்களுக்கும்தான் இருக்கு. மாலா நேத்து லீவு."

மாற்றியது ரஹீம் அண்ணன்தான். முந்தின நாள் சாப்பிட்டுவிட்டு வந்தவர், யாரோ ஒரு மருத்துவர் கேட்டதற்காகப் பட்டியலைச் சுருக்கிக் காட்டும்படி ஏதோ மாற்றியிருக்கிறார். மாற்றியதையே மறந்துவிட்டார். சரிசெய்ய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் அவளைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார். எனக்குப் பயம் இல்லை. என் மேல் வந்திருக்க வேண்டிய பழியை ஒரு வார்த்தையில் எடுத்துப் போட்டவள் அல்லவா.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்டவணைகளுக்கு உள்ளே இருப்பதை அவள் படிக்க மாட்டாள். எங்களோடு இருந்த பையன் ஒருவன், தனக்குப் பார்த்திருக்கும் பெண் எந்த கிளினிக்குக்கு எதற்குப் போனாள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னான். அவனை அவள் பார்த்த பார்வையில் அவன் அடுத்த மாதமே வேலையை விட்டான். "பேரு எனக்கு வேணாம், நோயும் வேணாம். வெளியில என்னா எழுதியிருக்கோ அது போதும்," என்பாள். ஆனால் அந்த வெளிப்பக்கத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஒரு அட்டவணை திடீரென்று பெருத்தால் கட்டலாக்கில் அதன் அளவு ஏறும். அதை வைத்து, "பத்து காஜா பக்கம் டெங்கி வந்திருச்சு போல. கொசுவலை வாங்கி வச்சுக்க, உன் பிள்ளைக்கு," என்பாள். ஒரு நோயாளியின் பெயரைக்கூட அவள் பார்த்திருக்க மாட்டாள். சில வாரம் கழித்து செய்தியிலும் வரும்.

மனிதர்களிடமும் அப்படித்தான்.

ஒரு சமயம் என் கணவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். சில மாதங்கள் அவர் தம்பி வீட்டில் இருந்தார். காரணம் இப்போது எதற்கு. நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அவர்தான் தினமும் எங்கள் வீடு இருந்த குனோங் ராபாட்டிலிருந்து என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார். அவர் போனபிறகு பஸ்சில் வந்தேன். கார் பழுது என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள், இன்னொரு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பத்து காஜாவிலிருந்து ஈப்போவுக்கு வர என் வீட்டுப் பக்கம் வரத் தேவையே இல்லை. சுற்றுவழி.

"ஏன் இந்தப் பக்கம்?" என்றேன்.

"ஏறு, லேட்டாவுது," என்றாள்.

அந்த மாதங்கள் முழுக்க வந்தாள். சுண்ணாம்பு மலைகளுக்கு அடியில் பனி கிடக்கும் அந்தக் காலை நேரத்தில், அவள் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டு நான் பல நாள் அழுதிருக்கிறேன். அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு ஒருநாள் அவள் வரவில்லை. முந்தின நாள் இரவுதான் என் கணவர் பெட்டியோடு திரும்பியிருந்தார். நான் அவளுக்குச் சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

"வந்தேன் லா. வாசல்ல அவரு சப்பாத்து கெடந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

அன்று சிரித்தேன். அன்பென்றால் இதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அது அன்பில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் சங்கடம்.

தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போவது வழக்கமானது. முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்த இடம் அது. இப்போது கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். சனங்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகளில் ஒன்றில் அவளும் அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பெற்ற மகளைப்போல நடத்துவார். நான் போனால் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொள்வார். கோழிக்கறியை அள்ளிப் போட்டுவிட்டு, "சாப்புடு மா. இவ வாயத் தொறந்து ஒன்னும் சொல்ல மாட்டா. நீதான் இவளுக்குக் கூட்டாளி," என்பார்.

அவருக்குச் சிவப்பு ஐசி. இங்கேயே பிறந்தும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்று அந்த அட்டையின் நிறம் சொல்லும். ஒரு தீபாவளியன்று அதைப் பற்றி அவராகவே பேசினார்.

"இந்தத் தோட்டத்துலதான் மா பொறந்தேன். அந்தா, அந்தச் செம்பனை நிக்கிற எடத்துலதான் எங்க லயம். எங்கம்மா பால்மர வெட்டுக்குப் போயிட்டா, பிள்ளைங்களப் பாத்துக்குற ஆயாக்கொட்டாயில போட்டுட்டுப் போவாங்க. எங்கப்பா நான் பொறந்தத பதியாம விட்டுட்டாரு. அந்தக் காலத்துல யாருக்கு மா தெரியும் இதெல்லாம்?"

"சாட்சி சொல்ல ஆளில்லையாம்மா?" என்றேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் அங்கிருந்தே பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"எல்லாரும்தான் சொன்னாங்க. தோட்டமே வந்து சொன்னுச்சு. கணக்கெழுதுற கிராணி சொன்னாரு, மருத்துவச்சி சொன்னாங்க. நானும் பள்ளிக்கூடத்து யூனிபார்மோட பதிவு ஆபீசுல போயி நின்னேன். எங்க எழுதியிருக்குன்னு கேட்டாங்க மாலா. எழுதல. எழுதலன்னா எங்கம்மா பொறக்கல. அவ்வளவுதான்."

தட்டைத் துடைத்து அடுக்கினாள். "ஆளு சொல்றதுக்கு ஒரு வெலையும் இல்ல," என்றாள்.

அந்த நிமிடம் அவளை எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது என்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் என் அப்பாவுக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா வெளியூரில் இருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ரஹீம் அண்ணன் முகம் சுளிக்கவில்லை. "அப்பாவப் பாரு மா. இங்க அவ பாத்துக்குவா," என்றார். தரவுத்தளத்தில் எனக்கு இருந்த அனுமதிகள் எல்லாவற்றையும் அவளுக்கும் நானே கொடுத்துவிட்டுப் போனேன்.

அவளும் பார்த்துக்கொண்டாள். அலுவலகத்தையும், என்னையும். பார்வை நேரம் தொடங்கும்போது வார்டு வாசலில் நிற்பாள். அவள் அம்மா எனக்காகக் கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்துக் கொடுத்தனுப்பியிருப்பார். நான் சாப்பிடும் வரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அப்பா மறுகையால் அவள் தலையைத் தடவப் பார்ப்பார். கை எட்டாது. அவள் குனிந்து கொடுப்பாள்.

ஒரு சனிக்கிழமை வந்தவள் வழக்கத்தைவிட சீக்கிரம் எழுந்தாள்.

"இன்னிக்கு வீட்டுக்கா?" என்றேன்.

"இல்ல, ஆபீஸ்ல கொஞ்சம் வேல இருக்கு. ஒழுங்கு பண்ணணும்," என்றாள். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்று அவள் நாற்காலி காலியாக இருந்தது. ரஹீம் அண்ணன் என்னைக் கீழே கடைக்கு அழைத்துப்போனார். தே தாரே இரண்டு சொன்னார். தன்னுடையதைக் குடிக்காமல் கிளாசைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

நிறுவனத்தை விற்றுவிட்டார். கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனம் வாங்குகிறது. அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து தரவுத்தளத்துக்கு ஒரே ஒருவரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவளை எடுத்துக்கொண்டார்கள். அன்று அவள் கோலாலம்பூரில் அவர்களோடு கூட்டத்தில் இருந்தாள்.

"கட்டினது நான்தான் அண்ணே," என்றேன்.

"எனக்குத் தெரியாதா மா? நான் சொன்னேன் அவங்ககிட்ட. அவங்க அவங்களோட ஆள வச்சுப் பாத்திருக்காங்க. யாரு எத உண்டாக்கினது, யாரு பேர்ல இருக்கு, எல்லாம் எடுத்துட்டாங்க. அதுல முழுக்க அவ பேருதான் இருக்கு."

"அது எப்படி அண்ணே?"

"எனக்கு அதெல்லாம் வெளங்கல. நான் சொன்னேன், அவங்க பேப்பரக் காட்றாங்க. அதுக்கு மேல நான் சண்ட போட்டா வாங்கவே வேணாம்னு போயிருவாங்க. எனக்கும் வயசாயிருச்சு மா." என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

மாடிக்கு ஏறினேன். என் கம்ப்யூட்டரைத் திறந்து கட்டலாக்கைப் பார்த்தேன்.

என் அட்டவணைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. பெயர்கள் நான் வைத்தவை. பத்திகளின் வரிசை நான் அடுக்கியது. தொடக்கத்தில் அவசரத்தில், முகவரி என்பதற்கான மலாய்ச் சொல்லில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். மற்றவை எல்லாம் அந்தப் பெயரை நம்பி நின்றதால் கடைசிவரை திருத்தவே முடியவில்லை. அந்தத் தவறும் அப்படியே இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் அவள் பெயர். மேலிருந்து கீழே வரை அவள் பெயர். என் எழுத்துப்பிழைகூட அவள் பெயரில் இருந்தது.

உருவான தேதி எல்லாவற்றுக்கும் ஒன்றே. சனிக்கிழமை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து சீக்கிரம் எழுந்து போனாளே, அந்தச் சனிக்கிழமை. ஒன்றன்பின் ஒன்றாக, சாயங்கால வேளைக்குள் எல்லாம் உருவாகியிருந்தன. நான் வருடக்கணக்காகக் கட்டியதைப் போலவே ஒவ்வொன்றையும் தன் பெயரில் புதிதாக உண்டாக்கி, உள்ளே இருந்ததை அதற்கு மாற்றி, என்னுடையதை அழித்திருக்கிறாள். இத்தனையையும் ஒரே சாயங்காலத்தில் எவராலும் புதிதாகக் கட்ட முடியாது என்று எந்தக் குழந்தையும் சொல்லும். வாங்க வந்தவர்கள் நேரத்தைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்த்தார்கள். பழைய நகல்களும் இல்லை. இடம் போதவில்லை என்று, புதிய நகல் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும்படி அமைத்திருந்தவள் நானேதான். அது அவளுக்கும் தெரியும்.

திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அதன்பிறகு அந்த மாடிக்கு ஏறவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அலுவலகத்தில் கிடந்த என் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்தாள். என் கோப்பை, நாற்காலி மெத்தை, மகள் வரைந்த படம். வாசல் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

"எப்பத் தெரியும் உனக்கு, விக்கப்போறாருன்னு?"

பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடியே. அண்ணே ஒரு புது யூசர் உண்டாக்கியிருந்தாரு. எல்லாத்தையும் பாக்கலாம், எதையும் தொட முடியாது. அந்த மாதிரி அனுமதி யாருக்குக் குடுப்பாங்க? வாங்க வர்றவனுக்குத்தான்."

"என்கிட்ட சொல்லல."

அவள் குனிந்து பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"நான் கட்டினத அழிச்சிட்டு உன் பேரப் போட்டிருக்க."

"நான் எந்தப் பேரையும் திருத்தல மாலா. அத யாராலயும் திருத்த முடியாது, உனக்கே தெரியும். அன்னிக்கு உண்டாக்கினது நான்தான். கட்டலாக் உள்ளதத்தான் சொல்லுது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி உள்ளது அதுல இல்ல."

அவள் அதைத் திமிராகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. எனக்கு இந்த வேல வேணும், நீ விட்டுக் குடுன்னு ஒரு வார்த்த. எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தியே. அங்க கேட்டிருக்கலாம்ல?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கேட்டா என்னா சொல்லியிருப்ப?"

"எடுத்துக்கன்னு சொல்லியிருப்பேன்."

"ஆமா. அப்படித்தான் சொல்லியிருப்ப. ஆஸ்பத்திரியில வச்சு, கஞ்சியக் குடிச்சிக்கிட்டே சொல்லியிருப்ப. அப்புறம் வீட்டுக்கு வந்து பிள்ளையப் பாத்திருப்ப, அப்பாவப் பாத்திருப்ப. அவங்க வந்து யாரு கட்டினதுன்னு கேக்குறப்ப நீ என்னா சொல்லுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஆளு சொல்றத நம்பி இருக்கத் தெரியல மாலா. உன்னையும்தான்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். உள்ளே சக்கர நாற்காலியில் இருந்த அப்பா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டு, கூப்பிடுவதுபோல ஏதோ சத்தம் எழுப்பினார். அவளுக்குக் கேட்டிருக்கும். தெருமுனை வரை மெதுவாகப் போய், திரும்பி மறைந்தாள்.

என்னை அவள் ஏமாற்றினாள் என்பதைவிட, இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் என் வார்த்தைக்கு அவளிடம் ஒரு மதிப்பும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நான் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் என் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொடுத்திருப்பேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வருகிறது. ஆனால் அதையும் நான்தானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்வதை நம்பாத அந்தப் பழக்கத்தை என்னிடமும் ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்போது இரும்புச் சாமான் மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். யாரோ கட்டிய மென்பொருளைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. சம்பளம் குறைவு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் காரியத்துக்கு வரவில்லை. அவளுக்கு நான் சொல்லியனுப்பவில்லை. ஆனாலும் தெரிந்திருக்கும், அவளுக்கு எப்படியாவது தெரிந்துவிடும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பத்து காஜாவில் என் கணவர் வழியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்திக்குப் போகும் வழியில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். திரும்பினால் அவள் அம்மா. தலை முழுக்க நரைத்திருந்தது. பிடித்த கையை விடவில்லை.

"மாலாதானே? எப்ப மா சிங்கப்பூர்ல இருந்து வந்த?"

எனக்குப் புரியவில்லை. நான் சிங்கப்பூருக்குப் போனதே இல்லை. அவரே தொடர்ந்தார்.

"ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே மா. நல்ல சம்பளம் கெடச்சா போகத்தான் வேணும், நான் தப்பு சொல்லல. நீ போனப்புறம் அவதான் ஒத்தையா கெடந்து அவ்வளவு வேலையும் இழுத்துப் போட்டுச் செஞ்சா. ஒரு நாளு உன்னக் கொற சொன்னதில்ல. மாலா ஏன் போன்கூடப் பண்ணலன்னு நான் கேப்பேன். அங்க ரொம்ப வேல மா, விடுங்கம்பா. ரெண்டு தீபாவளிக்கும் ஒனக்குன்னு கறி எடுத்து வச்சேன் பாத்துக்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வீட்டில் நான் எப்படிப் பதிவாகியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளைத் தனியாக விட்டுவிட்டுப் பணத்துக்காகப் போனவள். வேலையைத்தான் எடுத்துக்கொண்டாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய இந்த அம்மாவையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

உண்மை எல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது. சுற்றிலும் கூட்டம், நாதஸ்வரச் சத்தம். அவர் தன் இரண்டு கைகளுக்குள்ளும் என் கையை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார். இந்த உலகத்தில் அவருக்கு இருப்பது அந்த ஒரு மகள்தான்.

"நேத்துதான் மா வந்தேன்," என்றேன்.

"இருப்பியா?"

"இல்லம்மா. நாளைக்குப் போகணும்."

"அவளும் வரணும்னுதான் சொன்னா. வேலையாம், வரல. ஒன்னப் பாத்தேன்னு சொன்னா எவ்வளவு சந்தோசப்படுவா தெரியுமா?"

"சொல்லுங்கம்மா," என்றேன். "மறக்காமச் சொல்லுங்க. சிங்கப்பூர்ல இருந்து நேத்துதான் வந்தேன்னு மாலா சொன்னான்னு சொல்லுங்க."